ஆறாம்நாள் அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் மாகாண சபைத் தலைவர் அவர்களே, விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்களையெல்லாம் அழவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்ட இரண்டு முன்னாள் அமைச்சர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, மருமகனே, கட்சி பார்க்காமல் வந்திருக்கும் நண்பர்களே, கால்வாயின் தலைமடையிலிருந்தும் நடுமடையிலிருந்தும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, அதோ கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் கடைமடைக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கதவோரம் நிற்கும் மூன்று பேருக்கும் தனியாக ஒரு வார்த்தை. நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. உட்காரலாம். சரி, நிற்பது உங்கள் விருப்பம். ஆனால் நான் பேசி முடிப்பதற்குள் போய்விடாதீர்கள். இன்று நான் பேச வந்ததே உங்களிடம்தான்.

நாற்பது ஆண்டுகளாக மேடையில் பேசுகிறவன் நான். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று என் கட்சிக்காரர்களே என்னைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவன் இன்று கையில் தாளோடு வந்திருக்கிறேன்.  

இங்கே மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். அண்ணனுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கமே கிடையாது. வீடு முழுக்கத் தேடியும் நல்ல படம் ஒன்றுகூட அகப்படவில்லையாம். கடைசியில் சபை உறுப்பினர்கள் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட பழைய படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படத்தின் வலது ஓரத்தில் ஒரு தோள் தெரிகிறதல்லவா? சாம்பல் நிறச் சட்டை? அது என் தோள். பத்து ஆண்டுகள் அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான். எவ்வளவு வெட்டியும் என்னை முழுதாக அவரிடமிருந்து வெட்ட முடியவில்லை பாருங்கள்!

மாகாண சபைக்கு இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர்; நீர்ப் பங்கீட்டுக் குழுவின் தலைவர்; கூட்டுறவு விதைப் பண்ணையைத் தொடங்கியவர்; இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடத்துக்குக் கூரை போட்டவர். அழைப்பிதழில் இத்தனை பட்டங்கள் அச்சடித்திருக்கிறார்கள். அவரை யாராவது இந்தப் பட்டங்களைச் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? 'ஆறாம்நாள் அண்ணன்' என்றால்தான் சபை வாசலில் காவலுக்கு நிற்பவருக்கே தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை தலைமடைக்காரர்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கால்வாய்த் தண்ணீர் எல்லார் வயலுக்கும் ஒரே நாளில் பாயாது. ஆளுக்கொரு முறை உண்டு. அண்ணனுடைய வெங்காய வயலுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை, பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை. சபை கூடினாலும் சரி, ஆட்சியே கவிழ்ந்தாலும் சரி, ஆறாம் நாள் காலை பத்தரை மணி பேருந்தில் அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

"வேற யாரையாவது மடையைத் திறக்கச் சொல்லக் கூடாதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற ஆளு திறந்தா, சபை உறுப்பினர் வயலுக்குக் கால்மணி கூடுதலா ஓடுச்சுன்னு பேச்சு வரும் தம்பி. நானே பக்கத்து வயல்காரன் கண்ணு முன்னாடி திறந்து, அவன் கண்ணு முன்னாடியே மூடணும். கையில கடிகாரத்தோட நிப்பான் அவன். நிக்கட்டும், நல்லதுதானே!"

இதுதான் அண்ணன். பதவி வந்ததும் மடையை ஆள் வைத்துத் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதவி வந்ததாலேயே தானே போய் நின்று திறந்தவர் இவர் ஒருவர்தான்.

சபையில் அவர் எழுந்து பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? நாட்டு நிலவரமா? வறட்சி நிவாரணமா? இல்லை. "தலைவர் அவர்களே, இந்த மண்டபத்துக் கடிகாரம் பதினொரு நிமிஷம் பின்தங்கி ஓடுது. இதை நம்பி ரெண்டு தடவை பஸ்ஸ விட்டுட்டேன்" என்றார். சபையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னார். அந்த மண்டபத்தில் கேட்ட அன்றே நிறைவேறிய கோரிக்கை அது ஒன்றுதான்.

அவரிடம் மனு கொடுக்கப் போனவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், அந்தக் கைகள் எனக்குத் தெரியும்! அவர் வீட்டு முன்னறையில் மனு வாங்கமாட்டார். வயலுக்கு வரச் சொல்வார். போனால் உட்கார நாற்காலி இருக்காது. பக்கத்துப் பாத்தியைக் காட்டுவார். "களையெடுத்துக்கிட்டே பேசுங்க. கை சும்மா இருந்தா கதை நீளுது" என்பார். பாத்தி முடிவதற்குள் குறையைச் சொல்லி முடிக்க வேண்டும். பாத்தி முடிந்ததும் அவர் நிமிர்ந்து பதில் சொல்வார். செய்ய முடிந்தால் முடியும், முடியாவிட்டால் முடியாது. "பாக்கலாம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நீர்ப்பாசனத் துறை இன்ஜினியர் ஒருவர் வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார். அவருக்கும் ஒரு பாத்தி! மனிதர் வியர்வை ஒழுக ஒழுகப் பாத்தி முழுவதும் களையெடுத்தார். பார்த்தால் வெங்காய நாற்றையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் களையை அப்படியே விட்டிருக்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணன் பாத்தியைப் பார்த்தார், இன்ஜினியரைப் பார்த்தார்.

"பரவாயில்ல சார். கால்வாயிலயும் இத்தனை நாளா நீங்க இதைத்தானே பண்றீங்க?"

இன்ஜினியரே விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் கால்வாய் தூர்வார இயந்திரம் வந்தது.

அந்த மனுக்களையெல்லாம் விதை வந்த பையில் போட்டுத்தான் நகரத்துக்கு எடுத்து வருவார். தலைமை அலுவலகத்தில் கோப்புக் கட்டைப் பிரித்ததும் எழுத்தர் மூக்கைச் சுருக்குவார். "ஆறாம்நாள் அண்ணன் கோப்பு வந்துடுச்சு, ஜன்னலைத் திறங்க" என்பார். வெங்காய வாசனை அடிக்கும் கோப்பு மேசையில் தங்கக்கூடாது என்றே வேகமாக நகர்த்துவார்களாம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா, அடுத்த தடவை பூண்டு போட்டு அனுப்பறேன்" என்றார். என்ன மனிதர் ஐயா! அந்தப் பத்து ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதுவரை சிரித்தோம். இனிச் சொல்லப்போவது வேறு.

கடைமடை என்றால் கால்வாயின் கடைசி முனை. நான்கு ஊர்கள். மேலே இருப்பவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்து, மிச்சம் இருந்தால்தான் அங்கே போகும். மிச்சம் என்றைக்கு இருந்தது? தலைமுறை தலைமுறையாக அவர்கள் கால்வாயைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு மசோதா எழுதினார். தன் கையாலேயே எழுதினார். பருவத்தின் முதல் தண்ணீர் கடைமடைக்கு, அதன் பிறகே மேலே வரும், தலைமடைக்குக் கடைசியில்தான். அவருடைய வயல் எங்கே இருக்கிறது? தலைமடையில், முதல் மதகை ஒட்டி! தனக்குத் தானே கடைசி இடம் கேட்டு மசோதா கொண்டுவந்த ஆளை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? தலைமடைக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். கடைமடைக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு இருபத்திரண்டு, எதிர்ப்பு இருபத்திரண்டு. சமமானால் தோல்வி என்பது எங்கள் சபை விதி. ஒரு வாக்கில் தோற்றது. வராத ஒரே வாக்கு யாருடையது? மசோதாவை எழுதியவருடையது. அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

இது உங்களுக்குத் தெரியும். கடைமடையில் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அன்று நான் கட்சியின் கொறடா. எந்த மசோதா எப்போது வாக்கெடுப்புக்கு வருகிறது என்று பார்த்து, உறுப்பினர்களைச் சபையில் உட்கார வைப்பதுதான் என் ஒரே வேலை. என் அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி. வாக்கெடுப்பு நாள்களைச் சிவப்பிலும், அண்ணனின் ஆறாம் நாள்களைப் பச்சையிலும் குறித்துவைத்திருந்தேன். இரண்டும் ஒரே நாளில் விழாமல் பார்த்துக்கொள்வேன் என்று பெருமை வேறு! அந்த வாரம் நீர் மசோதாவுக்குச் சிவப்பு; அதற்கு முந்தைய நாள் பச்சை. அந்தப் பச்சை நாளில்தான் எல்லாம் நடந்தது.

காலை பத்து மணிக்கு அண்ணன் பையோடு வந்து நின்றார்.

"தம்பி, இன்னைக்கு ஆறாம் நாள். போகலாமா?"

நான் தொலைபேசியில் இன்னொரு உறுப்பினரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன். "போங்கண்ணே, நாளைக்குத்தான் வரும்" என்றேன்.

அவர் போகவில்லை. "நல்லா பாத்துச் சொல்லு தம்பி. இன்னைக்கு வராதுல்ல?"

"பாத்துட்டேன்ணே, போங்க!"

நான் பார்க்கவில்லை. அன்று காலை திருத்திய நிகழ்ச்சி நிரல் என் மேசைக்கு வந்திருந்தது. அதன் மேல் என் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தேன். மசோதாவை அன்று பிற்பகலுக்கு மாற்றியிருந்தார்கள். கோப்பையை நகர்த்தி ஒரு வரி படித்திருந்தால் போதும். நான் படிக்கவில்லை. இரண்டரை மணிக்கு வாக்கெடுப்பு மணி அடித்தபோதுதான் கோப்பையை எடுத்தேன்.

சத்தம் வேண்டாம். தயவுசெய்து. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொலைபேசி போட்டுச் செய்தி சொன்னார்கள். அண்ணன் முறை முடியும் முன்பே மடையை மூடிவிட்டு, பாதி வயல் காய்ந்தபடி கிடக்க, கிடைத்த லாரியில் ஏறி ஐந்து மணிக்கு என் அறைக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தேன். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். கோப்பையின் வட்டம் அதில் பழுப்பாகப் படிந்திருந்தது.

"நாளைக்குச் சபையில எழுந்து சொல்லிடறேன்ணே. தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லி?"

"உங்க பேரு கெட்டுடுமேண்ணே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு தம்பி. கொறடா பாக்காமலே சொல்றான்னு தெரிஞ்சா, அடுத்த தடவை நீ கூப்பிட்டா எவன் வருவான்? மசோதா மறுபடி வரணும். அதுக்கு ஆளைக் கூட்டப்போறது நீ. நான் சபையில இல்லாட்டியும் மசோதா வந்துடும். உன்னை நம்பாமப் போனா வராது."

"ஆனா போகச் சொன்னது நான்தானேண்ணே..."

"நீ சொன்ன, நான் போனேன். போன கால் என்னுதுதானே? விடு. மூஞ்சியக் கழுவு."

இவ்வளவுதான் நடந்தது. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, சாகும்வரைக்கும் பேசவில்லை.

மூன்றாம் நாள் கடைமடையிலிருந்து ஆள்கள் வந்தார்கள். வெடித்துக் கிடந்த வயலிலிருந்து மண்கட்டிகளைக் கொண்டுவந்து அவர் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அண்ணன் அவற்றைப் பொறுக்கி உள்ளே கொண்டுபோய் முன்னறை ஜன்னல் மேடையில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அண்ணி தூசி தட்டும்போதுகூட அவற்றை நகர்த்தமாட்டார்.

அடுத்த தேர்தலில் கடைமடையின் நான்கு ஊர்களிலும் சேர்த்து அவருக்கு விழுந்தது பதினொரு வாக்கு. தோற்றுப்போனார். "பதினொரு பேரு இன்னும் நம்பறாங்க தம்பி. யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டு டீ குடுக்கலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார்.

மசோதா இரண்டு ஆண்டுகளில் மீண்டும் வந்தது. அவர் சொன்னபடியே நான்தான் ஆள்களைக் கூட்டினேன். வீடு வீடாகப் போனேன். இந்தமுறை ஒவ்வொரு தாளையும் மூன்றுமுறை படித்தேன். மசோதா வரிகளையெல்லாம் அவர் வயலில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். நான் சபையில் படித்தேன். வாக்கெடுப்பு அன்று பார்வையாளர் மாடத்தில் அனுமதிச் சீட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது விதி. மசோதா நிறைவேறியதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு!

முதல் தண்ணீர் கடைமடைக்கு வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? மதகுச் சுவரில் கல் பதித்தீர்கள். அதில் என் பெயரைச் செதுக்கினீர்கள். 'இவருடைய முயற்சியால்' என்று எழுதினீர்கள். பதினேழு ஆண்டுகளாக ஒவ்வொரு பருவமும் என்னைக் கூப்பிட்டு மதகைத் திறக்க வைத்தீர்கள். நானும் திறந்தேன். கூட்டத்துக்குப் பின்னால், மற்ற மடைக்காரர்களோடு அவரும் வந்து நிற்பார். யாரும் அவருக்கு வணக்கம் சொல்லமாட்டீர்கள். "ஏண்ணே பின்னாடி நிக்கறீங்க?" என்று கேட்டால், "தண்ணி வந்துச்சா இல்லையா? அதைப் பாரு" என்பார்.

ஒவ்வொரு ஆண்டும் நான் அவரிடம் கேட்டதுண்டு. "இப்பச் சொல்லிடவாண்ணே?" "இந்த அறுவடை முடியட்டும்" என்பார். அடுத்த ஆண்டும் அதே கேள்வி, அதே பதில். இன்று இந்த மேடையில் நின்று உண்மையைச் சொல்கிறேன்: அந்தப் பதிலைக் கேட்டு நான் ஒவ்வொரு முறையும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மசோதா நிறைவேறிய பிறகு என் வாயை அடைத்தது அவர் இல்லை. அந்தக் கல்லில் இருந்த என் பெயர்தான். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

போன வாரம் அண்ணியிடம் போய் அனுமதி கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரியும். அன்றே தெரியும். "சொல்லுங்க தம்பி. அவர் இருந்திருந்தா திட்டியிருப்பாரு. இப்பத் திட்ட ஆளில்லை, தைரியமாச் சொல்லுங்க" என்றார். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்ட கை அது. ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அண்ணி, என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் உங்கள் எதிரில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்ற விதியை மாற்றச் சொல்லி ஒரு மனு சுற்றிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். எனக்கும் தலைமடையில்தான் நிலம். என் வயல் காய்ந்தாலும் அந்த மனுவில் என் கையெழுத்து விழாது. அது சபைக்கு வந்தால், பதவி இல்லாத கிழவனாக வாசலில் நின்றாவது ஒவ்வொரு உறுப்பினரையும் பிடித்துப் பேசுவேன். இது ஒன்று.

இன்னொன்று, நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கல்தச்சரோடு கடைமடை மதகுக்கு வருகிறேன். என் பெயரை நானே நின்று எடுக்கச் சொல்லப்போகிறேன். அங்கே யார் பெயரைச் செதுக்குவது என்பதை நான் சொல்லமாட்டேன். அந்த மதகு உங்களுடையது. அடுத்த பருவம் அதைத் திறக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

அண்ணே, போன கால் உங்களுடையதாகவே இருக்கட்டும். போகச் சொன்ன வாய் என்னுடையது. இதைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது, அண்ணே.

கடைமடைக்காரர்களே, என்னை என்ன செய்ய வேண்டுமோ அதை நாளை மதகடியில் வைத்துச் செய்யுங்கள், வந்து நிற்கிறேன். இப்போது எனக்காக இல்லை, அவருக்காக ஒன்று கேட்கிறேன். அண்ணிக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. கூட்டம் தொடங்கும் முன்பே அண்ணி அவற்றில் துண்டைப் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் உங்களுக்காகப் பிடித்துவைத்திருக்கிறார். கதவோரம் நின்றது போதும், முன்னால் வாருங்கள்.

வருகிறார்கள். நடுவில் நிற்பவர்களே, கொஞ்சம் வழி விடுங்கள் ஐயா. அவர்கள் வரட்டும்.